இரண்டு இழுப்பு என்றால் மேலே தூக்கு

இந்தக் குளிருக்கு வெல்லத் தண்ணீரில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி போட்டுத்தான் குடிக்க வேண்டும், அம்மா. கட்டி அடியில் போய் இளகிக் கிடக்கும். கடைசியில் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுங்கள். சோகமோசோ நகரத்திலிருந்து இந்த மலைப்பாதையில் ஜீப்பில் வந்திருக்கிறீர்கள், கை விறைத்திருக்கும். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். இந்த வீட்டுக்கு ஒரே வாசல், அதில் உங்கள் ஆள் நிற்கிறார். அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்துவிட்டேன்.

பர்மேனியோ திபாதுய்சாவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். அப்பாவைக் காணவில்லை என்று அவருடைய மகள் யாமிலே உங்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து நான்கு நாள் ஆகிறது. அவர் காணாமல் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. கடைசியாக அவரைப் பார்த்தவன் நான்தான். நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிரமப்பட வேண்டாம், நானே வரிசையாகச் சொல்கிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

என் பெயர் மிசாயேல். ஜன்னல் வழியாகத் தெரிகிறதே, அந்தக் குழியில் முப்பத்தொரு வருடம் வின்ச் ஓட்டினேன். ஆட்களைத் தொட்டியில் நிற்க வைத்துக் கீழே இறக்குவதும், அவர்களையும் அவர்கள் வெட்டிய நிலக்கரியையும் மேலே தூக்குவதும் என் வேலை. குழி நேர் செங்குத்து, நூற்றுப் பத்து மீட்டர். அவ்வளவு ஆழத்திலிருந்து மனிதக் குரல் மேலே வராது. அதற்காகத்தான் மணி. கீழிருந்து ஒரு கம்பி ஏறி வந்து, வின்ச் கொட்டகையில் ஒரு வெண்கல மணியில் முடிகிறது. ஓர் இழுப்பு என்றால் நிறுத்து, அப்படியே இரு. இரண்டு இழுப்பு என்றால் மேலே தூக்கு. மூன்று என்றால் இறக்கு. விடாமல் இழுத்தால் ஆபத்து. மேலிருந்து நாங்களும் அதே கணக்கில் பதில் இழுப்போம். மணியில் யாரும் விளையாட மாட்டார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூட மணிக்கம்பியைத் தொடும்போது தெளிந்துவிடுவான். முப்பத்தொரு வருடத்தில் ஒரு மணியைக்கூட நான் காதில் வாங்காமல் இருந்ததில்லை.

பர்மேனியோ வெட்டுகிற ஆள். அவர் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தியவன் நான். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். இங்கே அந்த உறவு கூடப் பிறந்ததற்கு ஒரு படி மேல். யாமிலேக்கு ஆறு வயதில் தாய் போய்விட்டாள். பர்மேனியோ ஒற்றை ஆளாக வளர்த்தார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கம்பளி மேலாடை, கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு வெள்ளைக் காலணி எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தது. ஞானப்பா, ஞானப்பா என்று கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஆனால் இந்த வேலிக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுவாள். பெண் காலடி பட்டால் குழிக்குக் கோபம் வரும் என்று பழைய ஆட்கள் நம்பினார்கள். அவளைக் குழிக்கு அருகே யாரும் விட்டதில்லை. மணியின் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. பிறகு அவள் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் படித்தாள். அந்தப் புத்தகங்களில் மணிக்கம்பி கிடையாது.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் குழியில் வேலையை நிறுத்தி மூடினார்கள். மற்ற ஆட்கள் வேறு குழிகளுக்குப் போனார்கள். பர்மேனியோவின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்த மருத்துவர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்தாராம். அதற்குப் பிறகு எந்தக் குழியிலும் அவரைச் சேர்க்கவில்லை. வயது ஐம்பத்து நான்கு. வேறு வேலை தெரியாது.

என்னைக் காவலாளி ஆக்கினார்கள். இந்த வீட்டையும் கொடுத்தார்கள். மூடிய குழியை யாமிலே தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். மண்ணுக்கும் மனிதனுக்கும் கெடுதல் இல்லாமல் ஒரு சுரங்கத்தை எப்படி மூடுவது என்பதுதான் அவள் ஆய்வு. கழிவுத் தண்ணீரை நாணல் குட்டைகளில் தெளிய வைத்தாள். கழிவுக் கரிமேட்டில் அலிசோ மரக்கன்றுகளை நட்டாள். அங்கே வேலை செய்தவனையே காவலாக வைத்தால் யாரும் திருட்டுத்தனமாக உள்ளே இறங்க மாட்டார்கள் என்றும் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தில் என் படம் இருக்கிறது, கையில் கன்றோடு. சனிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் ‘உள்ளே யாரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அவள் அந்த நோட்டை நம்பித்தான் எழுதினாள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அது ஒரு சின்ன உபகாரத்தில் தொடங்கியது.

ஜனவரியில் ஒருநாள் பர்மேனியோ வேலிக்கு வெளியே வந்து நின்றார். ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, தன் பழைய வெட்டுமுனையில் இன்னும் நல்ல கரி இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் இறக்கிவிட முடியுமா என்று தொப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். செங்கல் சூளைக்காரர்கள் மூட்டையாக எடுத்துக்கொள்வார்களாம். கேட்கிற வாயைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வராது, அம்மா. இறக்கினேன். கீழே போகிற ஒவ்வொருவனும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் குழிவாய்ப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். பலகையில் வில்லை இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பர்மேனியோவின் வில்லையைப் பலகையில் மாட்ட முடியாது, சோதிக்க வருகிற கண்காணிப்பாளர் பார்த்துவிடுவார். அதை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நெஞ்சுக்கு நேராக. அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவரும் நம்பினார்.

மகளிடம் அவர் ஏரிப்பக்கம் வெங்காயத் தோட்டத்தில் காவல் வேலை என்று சொல்லியிருந்தார். அவள் ஆய்வைத் தானே பொய்யாக்குகிறோம் என்று அவருக்குத் தெரியும். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு கட்டு வெங்காயம் இருக்கும். அது நான் சந்தையில் வாங்கி வைப்பது. ஒருமுறை அவள் சிரித்துக்கொண்டே, “அப்பா, உங்க முதலாளி சம்பளத்தையும் வெங்காயமாவே தர்றாரா?” என்று கேட்டாள். “பணமா குடுத்தா நான் குடிச்சிருவேன்னு அவருக்குத் தெரியும்மா,” என்றார். அவர் குடிக்க மாட்டார். மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு கருத்தரங்கு வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், சோகமோசோ பெரிய தெருவில் குறுக்கே துணி கட்டியிருந்தார்கள்: நிலைத்த கனிம, நிலக்கரிச் சுரங்கத் தொழில்நுட்பத்துக்கான பன்னாட்டுக் கருத்தரங்கு. நான்கு நாள், பதினான்கு நாட்டு ஆட்கள். மூன்றாம் நாள் எல்லோரும் இங்கே வருவதாக ஏற்பாடு. குழிவாயில் கான்கிரீட் மூடி முன்பே போட்டாகிவிட்டது. நடுவில் ஒரு தொட்டி போய் வருகிற அளவுக்கு ஓட்டை மட்டும் விட்டிருந்தார்கள். விருந்தினர்கள் முன்னிலையில் யாமிலே பேசுவாள், அதன் பிறகு அந்த ஓட்டை அடைபடும். அவளுக்குப் போலந்து நாட்டில் மேற்படிப்புக்கு இடம் கொடுப்பதை அங்கேயே அறிவிக்கப் போகிறார்கள். படிப்பும் ஆய்வுமாக அவளுடைய மூன்று வருட உழைப்பு.

யாமிலேயின் பேராசிரியர் கமார்கோ நாளைக் குறித்தபோது நன்றாக யோசித்துத்தான் குறித்தார். ஜூலை பதினாறு, கார்மேல் மாதா திருநாள். அன்று இந்த மலையில் எந்தக் குழியிலும் ஒருவரும் இறங்க மாட்டார்கள். வின்ச்சுக்குப் பூ வைத்து, மாதாவைத் தூக்கி வந்து, பூசை முடித்து, ஆட்டுக்கறி சாப்பிடுவார்கள். என் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். அதனால்தான் மூடுவதற்கு முன்னால் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், அம்மா: யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழிக்குச் சாய்வாக ஒரு காற்றுவழி உண்டு. யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் மலைச்சரிவில் திறக்கும். தெரிந்த ஆள் ஊர்ந்து வெளியே வந்துவிடலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் நினைவில் வைத்திருந்தேன்.

அன்று விடியும்போதே பர்மேனியோ வந்துவிட்டார். கையில் ஒரு சாக்குப் பை, தோளில் சட்டை மாட்டுகிற கம்பி, அதில் வெள்ளைச் சட்டை. எட்டு மூட்டை கீழே கட்டி வைத்திருக்கிறார். அது மேலே வந்துவிட்டால் யாமிலேக்கு அந்த ஊர்க் குளிருக்கு ஒரு நல்ல கோட்டு எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. விழா மதியம் இரண்டு மணிக்கு. அதற்குள் மேலே வந்து, குளித்து, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏரியிலிருந்து இப்போதுதான் பஸ்ஸில் வந்தவரைப் போலக் கூட்டத்தில் நின்று மகள் பேசுவதைக் கேட்க வேண்டும்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். “கொம்பாத்ரே, இன்னிக்கு மாதா திருநாள். இன்னிக்குப் போய் யாராச்சும் எறங்குவாங்களா?”

“யாரும் எறங்க மாட்டாங்க, அதனாலதான் எறங்கறேன்,” என்றார். “மாதா கோவிச்சுக்க மாட்டா. அவளும் பிள்ளை பெத்தவதானே. நீங்க என்ன, கன்னத்தை இப்படி வழவழன்னு செரைச்சு வெச்சிருக்கீங்க? வெள்ளைக்காரி எவளையாச்சும் வளைச்சுப் போடலாம்னா?”

“வாயை மூடிக்கிட்டு ஏறுங்க.”

“பதினோரு மணி. ரெண்டு இழுப்பு இழுப்பேன். பூப் பறிக்கப் போயிடாதீங்க.”

அவருக்காகச் சோள ரொட்டி கட்டி வைத்திருந்தேன். எப்போதும் இரண்டு, அன்று திருநாள் என்று நான்கு. வில்லை, இருபத்தேழாம் எண், என் பைக்கு வந்தது. இறக்கினேன். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வெறும் தொட்டியை மேலே தூக்கிக் கொட்டகைக்குள் தள்ளினேன். சட்டையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.

ஒன்பது மணிக்கு இரண்டு பஸ்கள் வந்து நின்றன. மதியம் மழை வரும் என்று வானிலையில் சொன்னார்களாம், அதனால் காலையிலேயே முடித்துவிடலாம் என்று பேராசிரியர் முடிவு செய்துவிட்டாராம். கான்கிரீட் வண்டி பின்னாலேயே ஏறி வந்தது. முதலில் இறங்கியவள் யாமிலே. நீலச் சட்டை, தலையில் வெள்ளைக் கவசம். வேலியைத் தாண்டிக் குழிவாய்க்கு வந்து நின்றாள். எல்லோரும் பார்க்க, திருட்டுத்தனம் இல்லாமல் அங்கே நின்ற முதல் பெண் அவள்தான் என்று நினைக்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. “ஞானப்பா, எனக்குப் பேச்சே வராதுன்னு தோணுது. நீங்க என் கண்ணுக்கு எதிர்லயே நில்லுங்க,” என்றாள்.

நின்றேன்.

விருந்தினர்களுக்கு எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, பதினொன்று ஆகும்போது அவள் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. இரண்டு.

அப்போது நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் என்று எனக்குத் தெரியும். இதை மறைக்கவில்லை. பொறுங்கள் என்று ஒரு சொல். சொன்னால் வின்ச்சை ஓட்ட வேண்டும். பதினான்கு நாட்டு ஆட்களுக்கு முன்னால் அந்த ஓட்டையிலிருந்து தலை முதல் கால் வரை கரியாக அவளுடைய அப்பா எழுந்து வருவார். காவலாளியை வைத்தால் யாரும் இறங்க மாட்டார்கள் என்ற வரியை அவள் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் இரண்டு. கூட்டம் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தது. யாமிலே பேச்சை நிறுத்தி, “அது என்ன மணி, ஞானப்பா?” என்று கேட்டாள்.

“மாதா திருநாளுக்கும்மா,” என்றேன். “கீழேயே தங்கிட்டவங்களுக்காக இன்னிக்கு ஒருநாள் கம்பியை அவுத்து விட்டிருவோம். காத்து வந்து அடிச்சுக்கும்.”

அப்படி ஒரு வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. யாமிலே அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. எல்லோரும் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அந்த ஒரு நிமிடமும் மணி அடித்தது. இரண்டு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு. சிலர் போனில் படம் எடுத்தார்கள். கருத்தரங்கு நடத்தியவர்களிடம் கேட்டால் கிடைக்கும், எண்ணிப் பார்க்கலாம்.

ஒருவர் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். போலந்து நாட்டு முதியவர், யாமிலேக்கு இடம் கொடுக்கிறவர் அவர்தான். மௌனம் முடிந்ததும் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் என்னிடம் திரும்பினாள்: “அவங்க ஊர்ல ரெண்டு மணின்னா மேல தூக்குன்னு அர்த்தமாம். இங்கயும் அப்படியான்னு கேக்கறாரு.”

“இருந்துச்சு, முன்னாடி,” என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீண்டும் ஏதோ சொன்னார். அவள் குரலைத் தணித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: “யாரோ ஒருத்தர் மணிக்குப் பதில் சொன்னதாலதான் அவரோட அப்பா உயிரோட வீட்டுக்கு வந்தாராம். அதனால மணிச் சத்தம் கேட்டா அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுமாம். மன்னிச்சுக்கச் சொல்றாரு.”

நல்ல மனிதர். அவருக்குக் குளிர் தாங்கவில்லை என்று தெரிந்தது. என் கம்பளிப் போர்வையைக் கழற்றி அவர் தோளில் போட்டேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கான்கிரீட் ஊற்றத் தொடங்கியதும் நான் கொட்டகைக்குள் போனேன். மணியின் நாக்கில் பழைய காலுறை ஒன்றைச் சுற்றினேன், யாமிலே மறுபடியும் பயந்து தடுமாறக் கூடாதே என்று. கம்பி அசைந்துகொண்டே இருந்தது. அதன் மேல் கையை வைத்தேன். இரண்டு, நிற்கும், இரண்டு. இருட்டில் இருக்கிறவனுக்குப் பதில் கிடைக்காமல் இருப்பது கொடுமை, அம்மா. நான் பதில் சொன்னேன். ஓர் இழுப்பு. நிறுத்து, அப்படியே இரு.

உடனே கம்பி அசையாமல் நின்றது. மேலே ஏதோ காரணம் இருக்கிறது, கொம்பாத்ரே பார்த்துக்கொள்வார் என்று அவர் நினைத்திருப்பார். முப்பது வருடம் அப்படித்தான் நினைத்தார், ஒருமுறைகூட ஏமாறவில்லை.

வாயுவை அளப்பதற்காக மூடியில் மணிக்கட்டு அளவுக்கு ஒரு குழாய் விட்டார்கள். மணிக்கம்பியும் அதன் வழியாகத்தான் போனது. ஈரக் கான்கிரீட்டில் யாமிலே தன் கழுத்திலிருந்த மாதா பதக்கத்தை வைத்து அழுத்தினாள். முதல் நன்மைக்கு அவள் அப்பா போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு நான் எல்லோருக்கும் வெல்லத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அறுபது கோப்பை. அவள் கூட்டத்தில் தேடிவிட்டு என்னிடம் வந்தாள். “அப்பா வரலையா?”

“பஸ் கிடைச்சிருக்காதும்மா.”

“இன்னிக்காவது வருவார்னு நெனச்சேன்,” என்றாள். அதோடு சரி. குறை சொல்கிற பெண் இல்லை அவள்.

எல்லோரும் போன பிறகு மண்வெட்டியால் உடைத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். மாதா மேல் ஆணையாக அதுதான். ஆனால் மூடிக்கு ஈரச் சாக்குப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை படம் எடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு கூலியாட்களை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டேன். சாயங்காலம் அவர்கள் கிளம்பும்போது கான்கிரீட் இறுகிவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் கம்பி மீண்டும் இரண்டு இழுத்தது. நான் ஒன்று இழுத்தேன். அன்று யாமிலே போனில் அழைத்து, இடம் உறுதியாகிவிட்டது, பயணச்சீட்டு வந்துவிட்டது என்று அழுதாள். மூன்றாம் நாள் கம்பி விடாமல் இழுபட்டது, நாள் முழுக்க. நான் ஒன்று இழுக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தொடங்கும். தினமும் காலையில் குழாயில் ஒரு கோப்பை வெல்லத் தண்ணீர் ஊற்றினேன். கட்டி போட்டால் குழாயில் அடைக்கும் என்று போடவில்லை. அவ்வளவு ஆழத்துக்கு அது தண்ணீராகப் போய்ச் சேர்ந்ததா, தூறலாகச் சிதறிப் போனதா, தெரியாது. ஊற்றினேன்.

காற்றுவழியாக ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்க நினைக்கிறீர்கள். எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு அதை நான் மூடினேன். அது அடுத்த மாதம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் பக்கத்து மேய்ச்சலில் ஒரு கன்றுக்குட்டி அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. தவறி விழுந்துவிடுமே என்று மனது கேட்கவில்லை. மரக்கட்டை, அதன் மேல் கல், அதன் மேல் மண் போட்டு, அதில் ஓர் அலிசோ கன்றும் நட்டேன். பர்மேனியோவிடம் சொல்ல வேண்டும் என்று அன்று காலை நினைவுக்கு வந்தது. அவர் தொட்டியில் நின்றுகொண்டு என்னைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அதைக் கெடுக்க வேண்டாம், பதினோரு மணிக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காற்றுவழியை நானும் நினைவில் வைத்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அது மூடிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் மண்வெட்டியோடு அங்கே போனேன். ஒரு மணி நேரத்து வேலை. கன்றைப் பிடுங்காமல் ஓரமாக நகர்த்தினால் போதும். குனிந்து காதை வைத்தேன். உள்ளே, ரொம்பப் பக்கத்தில், கல்லைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அவர் வெட்டுமுனையிலிருந்து ஊர்ந்து ஏறி அங்கே வந்திருக்கிறார். இரண்டு நாள் உள்ளே இருந்த மனிதர் வெளியே வந்தால் சும்மா இருப்பாரா என்று நினைத்துப் பார்த்தேன். இருக்க மாட்டார். அவரே இருந்தாலும் அவர் முகம் இருக்காது. யாமிலே பார்ப்பாள். தன் கையால் பதக்கத்தை அழுத்தி மூடினது யார் மேல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவள் எங்கே போய்ப் படிப்பாள்?

அதுவரை நடந்ததெல்லாம் நடந்தது, அம்மா. பஸ் சீக்கிரம் வந்தது, மழை வரும் என்றார்கள், கூலியாட்கள் நின்றார்கள். அங்கே நின்றபோதுதான் நான் தீர்மானித்தேன். மண்வெட்டியின் பின்புறத்தால் மண்ணைத் தட்டிச் சமன் செய்தேன். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். திரும்பி வந்து கம்பியை ஓர் இழுப்பு இழுத்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கீழிருந்து இரண்டு வந்தது. காற்றுவழியை விட்டுவிட்டு, மறுபடியும் அவ்வளவு தூரம் இறங்கிப் போய், தொட்டி வருகிற இடத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

ஐந்தாம் நாள் விடிந்த பிறகு ஒரே ஓர் இழுப்பு. அதற்கு மேல் இல்லை. எங்கள் கணக்கில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். என்னைத் திட்டியிருக்கலாம், விடாமல் இழுத்திருக்கலாம். அவர் அமைதியாக முடித்துக்கொண்டார். அதனால் அவர் மனதில் என் மேல் ஒன்றும் இல்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவள் விமானம் ஏறிய பிறகு நீங்கள் வருவீர்கள் என்று நினைத்திருந்தேன். மாதாவிடம் அது ஒன்றைத்தான் கேட்டேன். ஆனால் அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்காமல் போக மாட்டேன் என்று அவள் பயணத்தைத் தள்ளிவிட்டாள். அவர் படத்தை வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி ஒவ்வொரு வெங்காயத் தோட்டமாக ஏறி இறங்குகிறாள். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. நேற்றும் போன் செய்தாள். கால் வீங்கியிருக்கிறதாம். வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கச் சொன்னேன்.

இதோ வில்லை. இருபத்தேழு. பாருங்கள், துடைத்து வைத்திருக்கிறேன். பர்மேனியோ திபாதுய்சா குழியின் அடியில் இருக்கிறார். அவர் உள்ளே இருப்பது தெரிந்து மூட விட்டவன் நான். உயிரோடு இருப்பது தெரிந்து காத்திருக்கச் சொன்னவனும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

மூடியை உடைக்கும்போது பதக்கம் இருக்கிற ஓரத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து உடைக்கச் சொல்லுங்கள். யாமிலேயை அப்போது அங்கே நிற்க விடாதீர்கள். கதவுக்குப் பின்னால் அந்த வெள்ளைச் சட்டை இருக்கிறது, அதை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தைத்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். மற்றதை அவளுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள், அம்மா. அந்தப் பெண்ணின் மனம் நோகும்படி நான் இதுவரை ஒன்றும் செய்ததில்லை.